ஏழாவது ஜனாதிபதிக்காக நான் வாதாடிய பட்டிமன்றம்

2008 தீபாவளி விழாவுக்காக, அமெரிக்காவின் ஃபிரிஸ்கோ நகரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தோம். முந்தின வருஷம் தமிழ்நாட்டு அரசியலைத் தொட்டதில் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தன. இந்த வருஷம் அமெரிக்கத் தேர்தல் வேறு. ஓட்டுரிமை உள்ளவர்கள்கூட அமைதியாக இருந்தார்கள். விசாவில் இருப்பவர்கள்தான் பார்க்கிங் லாட்டில் நின்று தொண்டை கிழியச் சண்டை போட்டார்கள்.

எங்கள் நடுவர் எழுபதுகளிலேயே டெக்சாஸுக்கு வந்துவிட்ட இதய மருத்துவர். எல்லாருக்கும் டாக்டர் அங்கிள். அவர்தான் வழி சொன்னார்.

"இருபது டாலர் நோட்டுல இருக்காரே, ஏழாவது ஜனாதிபதி, அவரை எடுத்துக்குங்க. செத்து நூத்தி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவருக்காக யாரும் அடிச்சுக்க மாட்டீங்க இல்ல?"

தலைப்பு முடிவாயிற்று: 'ஏழாவது ஜனாதிபதி மக்கள் தலைவரா, முடிசூடாத மன்னரா?' மக்கள் தலைவர் அணிக்கு நான் தலைவி. என் அணியில் இரண்டாவது பேச்சாளர் என் கணவர். வேறு ஆள் கிடைக்கவில்லை. எதிரணிக்குத் தலைவர், நெடுஞ்சாலை ஓரம் பெட்ரோல் பங்க் வைத்திருந்த ராமநாதபுரத்துக்காரர். ஊரே அவரைப் பாய் என்று கூப்பிடும்; எனக்கு அண்ணன். கல்லூரிக் காலத்தில் கட்சி மேடைகளில் பேசியவர். மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை கேட்கும்.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிப்பவள். சரித்திரம் எனக்குப் பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்போடு முடிந்துபோன விஷயம். நூலகத்திலிருந்து நாலு புத்தகம் எடுத்து வந்தேன். முதல் வாரம் எனக்கு அந்த மனிதர்மேல் காதல் மாதிரி ஒன்று வந்துவிட்டது. பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். பதினாலு வயதில் அம்மாவும் போய்விட்டாள். அமெரிக்கச் சுதந்திரப் போரில் சிறுவனாகப் பிடிபட்டபோது ஆங்கிலேயப் படை அதிகாரியின் பூட்ஸைத் துடைக்க மாட்டேன் என்று சொல்லி, தலையில் வாள்வெட்டு வாங்கியவர். இதைக் காரில் வேலைக்குப் போகும்போது சத்தமாகச் சொல்லிப் பழகுவேன். பக்கத்து லேனில் வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்றாவது புத்தகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். தென்கிழக்கு மாநிலங்களில் வாழ்ந்த பழங்குடி மக்களை அவர்களுடைய சொந்த நிலத்திலிருந்து மிசிசிப்பி நதிக்கு அந்தப் பக்கம் அனுப்பும் சட்டம் இவர் கையெழுத்துப் போட்டது. அவர்களில் ஒரு கூட்டத்தாரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. தீர்ப்பும் அவர்கள் பக்கமே வந்தது. ஆனாலும் துரத்தினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே செத்தார்கள். தவிர, இவர் தோட்டத்தில் உழைத்தவர்கள் அத்தனை பேரும் அடிமைகள். புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலறையில் சும்மா நின்றேன். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது.

பாய்க்கு போன் போட்டேன். "அண்ணே, என்னால இவருக்குப் பேச முடியாது. நீங்க என் அணிக்கு வாங்க, நான் உங்க அணிக்கு வர்றேன்."

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தங்கச்சி, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. முதல் தடவை நின்னப்போ எல்லாரையும்விட அதிக ஓட்டு இவருக்குத்தான். ஆனா பாதிக்கு மேல வரலைன்னு இங்கத்த பார்லிமென்ட்ல கூடிப் பேசி இன்னொருத்தரை உட்கார வெச்சுட்டாங்க. அந்த இடத்தைப் படிக்கிறப்போ எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இந்த மனுஷனை நான் எப்படித் திட்டுறது?"

இருவரும் சேர்ந்து டாக்டர் அங்கிளிடம் முறையிட்டோம். "இன்விடேஷன் ஈமெயில் போயாச்சும்மா. அவங்கவங்க கட்சியில ஒழுங்கா இருங்க" என்று போனை வைத்துவிட்டார்.

விழா சனிக்கிழமை மதியம், ஒரு பள்ளி அரங்கில். கூட்டம் நிறைந்திருந்தது. அந்த மாதம் வங்கிகள் வரிசையாக ஆட்டம் கண்டுகொண்டிருந்தன. வந்தவர்களில் பாதிப் பேர் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள், தூக்கமில்லாத முகங்கள். நான் எழுந்து, "பெரிய வங்கியை நம்பாதீங்கன்னு அன்னிக்கே சொல்லி, அதோட கணக்கை முடிச்சவர் எங்க தலைவர்!" என்றேனே, அரங்கம் அதிர்ந்தது. விசில்கூட வந்தது.

அதே சூட்டில் அவர் பதவியேற்ற நாளைச் சொன்னேன். சேற்றுக் காலோடு ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து பட்டு நாற்காலிகள்மேல் ஏறி நின்றார்கள். மதுபானத் தொட்டிகளைப் புல்வெளிக்குத் தூக்கிப்போய்த்தான் கூட்டத்தை வெளியே இழுக்க முடிந்தது. "நம்ம ஊர்ல பிரியாணி அண்டாவை வெளியே வெக்கிற மாதிரி" என்று என் கணவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்ல, எனக்குக் கிடைத்த சிரிப்பைவிட அவருக்கு அதிகம் கிடைத்தது.

பாய் எழுந்தார். பிடித்த ஆளைத் திட்டுகிறவர் என்று யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அரசாங்க வேலையெல்லாம் கட்சிக்காரனுக்கே கொடுத்ததைச் சொன்னார். அந்தக் காலத்துக் கார்ட்டூனில் அவருக்குக் கிரீடம் வைத்து வரைந்ததைச் சொன்னார். "இவரைப் பிடிக்கலைங்கற ஒரே காரணத்துக்காகப் பல பேர் சேர்ந்து ஒரு கட்சியே ஆரம்பிச்சாங்க! இது எங்கயோ கேட்ட மாதிரி இல்ல?" என்றார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நேரம் போய்விட, மணி அடித்துவிட்டார்கள். பழங்குடி மக்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அவர் அணியில் மற்றவர்களும் சொல்லவில்லை.

தொகுப்புரைக்கு நான் எழுந்தேன். கையில் அட்டைகள் இருந்தன. எல்லாம் புகழ்ச்சி. மூன்று அட்டைகளைப் படித்துவிட்டு மற்றவற்றைக் கவிழ்த்து வைத்தேன்.

"எதிரணி சொல்ல விட்டுப்போனதை நான் சொல்லிடறேன்" என்றேன்.

சொன்னேன். அவர் போட்ட கையெழுத்து, கோர்ட் தீர்ப்பு, நடந்தே போனவர்கள், தோட்டத்து அடிமைகள், எல்லாவற்றையும். "மக்கள் தலைவர்தான், நான் மறுக்கலை. ஆனா இவங்களை அவர் மக்கள்னு கணக்குல எடுத்துக்கலை" என்று முடித்து உட்கார்ந்தேன். கைதட்டல் இல்லை. யாரோ ஒருவருடைய செல்போன் மட்டும் சினிமாப் பாட்டு பாடி நின்றது. என் கணவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "நாம எந்தக் கட்சி, அதையாவது சொல்லு" என்றார்.

டாக்டர் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷமா பட்டிமன்றம் நடத்தறேன். சொந்தக் கட்சியைத் தானே கவுத்தவங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். அப்போதுதான் அரங்கம் சிரித்தது. அதோடு கைதட்டலும் வந்தது. தீர்ப்பு பாய் அணிக்கு.

பாய்க்கு வெற்றி பிடிக்கவே இல்லை. சாப்பாட்டு வரிசையில் தட்டோடு என்னைத் தேடி வந்தார். "ஏன் தங்கச்சி இப்படிப் பண்ணீங்க? அந்த விஷயத்தைத் தெரிஞ்சேதான் நான் தொடலை. அதை எடுத்தா அவர் பக்கம் பேச ஒண்ணுமே மிச்சமிருக்காதுன்னு தெரியும்."

"அதுக்காக யாருமே சொல்லாம விடலாமா அண்ணே?"

அவர் கேசரியை எடுத்து என் தட்டில் கொஞ்சம் வைத்தார். பிறகு, "ஆனா ஒண்ணு, அந்த முதல் எலக்‌ஷன்ல அவரை ஏமாத்தினது ஏமாத்தினதுதான்" என்றார். நான் ஒத்துக்கொண்டேன். எங்களைச் சுற்றி அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அந்தத் தேர்தலை ஒவ்வொரு ஓட்டாக மறுபடி எண்ண ஆரம்பித்தார்கள். அரங்கைப் பூட்ட வந்த பள்ளி ஊழியர் இரண்டு தடவை விளக்கை அணைத்துப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போகும்போது பின் சீட்டிலிருந்து எட்டாம் வகுப்பு மகள் சொன்னாள், "அம்மா, யூ ஸ்விட்ச்ட் பார்ட்டீஸ் ஆன் ஸ்டேஜ். தட் வாஸ் ஆசம்." மேடையிலேயே கட்சி மாறிவிட்டேனாம், பிரமாதமாம். தமிழ்ப் பட்டிமன்றம் ஒன்றை அவள் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். சிக்னலில் கார் நின்றபோது என் கணவர் மட்டும், "அடுத்த வருஷம் நான் எதிரணி" என்றார்.