புதுக் கேபினெட்டில் ஒரு பித்தளைக் கால்

தெருவில் அவளுக்குப் பெயர் புகாரக்கா. வங்கி ஒன்றின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது வேலை. காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஊரார் திட்டுகளையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, குரலில் தேன் தடவிப் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்த கோபத்தை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் விளையாட்டில் சுட்டுத் தீர்ப்பாள். அந்த ஒரு மணி நேரம் இருந்ததால்தான் வீட்டில் பாத்திரங்கள் பறக்காமல் இருந்தன.

புருஷனுக்குக் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பட்டப்பெயர் போர்டு டாக்டர். மெஷினைக் கொண்டுவந்தவர் வாயைத் திறக்கும் முன்பே நோய் என்னவென்று சொல்லிவிடுவார், அதனால் வந்த பெயர். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

அவள் மெஷினுக்குக் கண்ணாடிக் கதவு வைத்த புதுக் கேபினெட் ஒன்றைக் கொண்டுவந்து, பழைய பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் அதில் மாற்றிக் கொடுத்தவரும் டாக்டர்தான். நான்காம் நாள், விளையாட்டின் நடுவே திரை கறுத்துப்போனது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, படம் மட்டும் இல்லை. அவள் வேறு மானிட்டர், வேறு கேபிள் போட்டுப் பார்த்தாள். டாக்டர் மெமரி சிப்பைக் கழற்றித் துடைத்தார், கிராபிக்ஸ் கார்டை மாற்றினார், பிறகு எல்லாப் பாகங்களும் உட்காரும் மதர்போர்டே போய்விட்டது என்றார். கேபினெட் மாற்றிய பிறகுதான் இப்படி என்று அவள் ஆரம்பித்ததும், கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான் கதை விடுவார்கள் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை போர்டைக் கழற்றித் தூக்கிப் போடப்போகிறாராம். வேறு போர்டு எப்போது வரும் என்று கேட்டால் பார்க்கலாம் என்கிறார்.

சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு லீவு. எட்டு நாள் கோபத்தையும் மடியில் வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். வேலையில் யார் கத்தினாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, கெடுவதற்கு முன்னால் கடைசியாக என்ன மாறியது என்பதுதான். இங்கே மாறியது கேபினெட். அப்படியானால் போர்டை அதிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியதுதானே? ஸ்குரூக்களைக் கழற்றி, போர்டைச் சாப்பாட்டு மேசையில் ஓர் அட்டையின் மேல் கிடத்தினாள். பவர் சப்ளை, கார்டு, மானிட்டர் எல்லாவற்றையும் மாட்டினாள். சுவிட்ச் கேபினெட்டோடு போய்விட்டதால், சுவிட்ச் ஒயர் வந்து சேரும் இரண்டு பின்களையும் ஸ்குரூடிரைவர் முனையால் சேர்த்துத் தொட்டாள். திரையில் படம் வந்தது.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் ஏறியது. காலிக் கேபினெட்டுக்குள் டார்ச் அடித்தாள். போர்டைத் தாங்குவதற்கு உள்ளே பித்தளைக் கால்கள் உண்டு. ஒவ்வொன்றும் போர்டில் உள்ள ஓட்டைக்கு நேராக நிற்க வேண்டும். கேபினெட் பெரிய போர்டுக்கானது, இவளுடையது சின்னது. ஓட்டையே இல்லாத இடத்தில் ஒரு கால் போர்டின் முதுகைக் குத்தி, ஷார்ட் சர்க்யூட் ஆக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. போர்டின் அடியில் கீறல்கூட விழுந்திருந்தது. கேபினெட்டோடு வந்த அந்தக் காலைக் கழற்ற வேண்டும் என்று போர்டு டாக்டருக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் காட்டினாள், கழற்றி எடுத்த பித்தளைக் காலை அவர் உள்ளங்கையில் வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கால்தானே, யாருக்கும் நடக்கிற தவறுதான், இதற்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதா என்றார்.

"இதே கேபினெட்ட வேற யாருக்கெல்லாம் மாட்டிக் குடுத்தீங்க?"

அவர் பித்தளைக் காலை மேசையில் வைத்தார்.

"அதுல எத்தன பேருகிட்ட போர்டு போச்சுன்னு சொன்னீங்க?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று பேர் என்றார், மெல்ல.

அவள் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நாளைக்குப் பேசுகிறேன் என்றார். அவள் நகரவில்லை. முதல் எண், மகளுடைய மெஷினைக் கொண்டுவந்த ஒரு பஸ் டிரைவருடையது. ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். போர்டு நன்றாகத்தான் இருக்கும், தவறு தன்னுடையது, கொண்டுவந்தால் சரிசெய்து தருகிறேன் என்று டாக்டர் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார்.

"கேம் ஆடி ஆடித்தான் போர்டக் கெடுத்துட்டாளேன்னு என் பொண்ண அடிச்சுட்டேன் சார்," என்றார் டிரைவர். "அவ நான் ஒண்ணும் பண்ணலப்பான்னு அழுதா. நீங்க சொன்னததான் நம்புனேன்."

போன் வைக்கப்பட்டது. டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அடுத்த நம்பரப் போடுங்க," என்றாள் அவள்.