அலகில் காய்ந்த சந்தனம்

நான் வெள்ளகவிக்காரன்; சாலை இல்லாத மலையூர். கொடைக்கானல் கடைவீதியில் மடக்குக் கத்தி வாங்கப் போனபோது கடைக்கார ராவுத்தர், "மலையில நடக்குறவருக்கு ஒத்த அலகு போதுங்க. இதுல அஞ்சு அலகு, இறுக்கம் ஜாஸ்தி" என்று தடுத்தார். துரைமார் கத்தி போலிருந்ததால் அதையே வாங்கினேன்.

ஆயுத பூஜையன்று முருகன் படத்தின் முன் கத்தியை வைத்து, மடக்கியபடியே சந்தனம் அப்பிக் குங்குமம் இட்டேன். துடைப்பது குற்றமென்று நினைத்து அப்படியே மடியில் செருகிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் என் மச்சினனின் மட்டக்குதிரையில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றினோம். அவன் அரிவாளைத் தேடினான்.

"அரிவா எதுக்குலே? எங்கிட்ட அஞ்சு அலகு கெடக்கு" என்றேன்.

மலைப்பாதையின் ஒரு வளைவில் குதிரை சறுக்கியது. மூட்டைக் கயிறு மரவேரில் மாட்டி அதன் கழுத்தை இறுக்கியது.

"மச்சான், அறுங்க, வெரசா!"

ஓரலகும் அசையவில்லை. சந்தனம் இடுக்கெல்லாம் காய்ந்து கெட்டித்திருந்தது. நகம் பிய்ந்தது. முருகா, முருகா என்று பல்லால் கடித்து இழுத்தேன். குதிரை என்னையே பார்த்தபடி கால்களை உதறியது. பிறகு அடங்கிவிட்டது. அந்தக் குதிரைதான் மச்சினனுடைய பிழைப்பு.

அவன் அழவில்லை. "பொட்டு கலையலையே மச்சான்? இனி மூட்டைய நீங்க சுமங்க" என்றான். சுமந்தேன்.

இப்போது ஒற்றை அலகுக் கத்திதான் வைத்திருக்கிறேன். பொட்டு பிடியில் மட்டும். வெள்ளனே எழுந்து அதை விரித்துப் பார்த்த பிறகே திருநீறு பூசுகிறேன். அலகில் சந்தனம் இல்லாததை முருகன் பொறுத்துக்கொள்வான். கழுத்து இறுகிய பிராணி எவ்வளவு நேரம் பொறுக்கும்?