முதல் வரிசை வீட்டில் சிஸ்டர் ஹில்டா

பிலோமினா சேச்சியின் தலையில் மீன் கூடை இல்லை. அன்று காலை வாசலில் அவரைப் பார்த்ததும் என் கண்ணில் பட்டது அதுதான். கூடையில்லாமல் அவர் மட்டாஞ்சேரிக்குள் வந்து நான் பார்த்ததே கிடையாது. உடுத்திருந்த முண்டு முழங்கால் வரை சேறாக இருந்தது. கடல் உள்ளே ஏறி ரோடு முறிந்துவிட்டது, பஸ் இல்லை, தோப்பும்படி வரைக்கும் நடந்தே வந்தேன் என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மோளே, சுவர் விழுந்துபோச்சு. சிஸ்டர் உள்ளே இருந்தாங்க."

சிஸ்டர் ஹில்டா தமிழ் படித்தது திருநெல்வேலிச் சீமையில், உங்கள் மடத்துச் சகோதரிகள் நடுவில். உங்கள் ஊரை விட்டு வந்த பிறகு அவர் எப்படி இருந்தார் என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

கேரளத்துக்கும் தமிழே போதும் என்று அவரை அனுப்பிய வெளிநாட்டுப் பெரியவர்கள் நினைத்துவிட்டார்கள். மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, கடலோரக் கிராமத்தில் மருந்து கொடுக்க வந்து இறங்கிய பிறகுதான் தன் பேச்சு யாருக்கும் பிடிபடவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று அந்த ஊர்ப் பாதிரியார் இங்கே சொல்லி வைத்தார். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர், இங்கே மிளகுப் பண்டகசாலையில் மூட்டை தூக்குகிறார். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் அங்கேயே அம்மாவோடு சுக்கு சுத்தம் செய்துகொண்டிருந்தேன். வாயே திறக்காத இவளையா கூட்டிப் போகப் போகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு சிஸ்டர் சொன்னார்: "நல்லதாப் போச்சு. தானாப் பேசாதவதான் அடுத்தவிய சொன்னதச் சரியாச் சொல்லுவா." அந்த வெள்ளைக்கார முகத்திலிருந்து எங்கள் ஊர்ப் பேச்சு வந்ததைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

தினமும் பஸ்ஸில் கிராமத்துக்குப் போய் வந்தேன். முதல் நாள் பெண்கள் எங்களைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்று சிஸ்டர் கேட்டார். நலமா என்று கேட்கிறார்கள் என்றேன். "ஏட்டி, அதுக்கு இம்புட்டுச் சிரிப்பா? கொறச்சுச் சொல்லாத. அவிய சொன்னபடியே சொல்லு" என்றார். சொன்னேன்: "நானூறு வருஷம் முன்னாடியே எங்களை வேதத்துல சேர்த்தாச்சு. இனி யாரைப் பிடிக்க இந்தப் பொண்ணு வலையோட வந்திருக்கு?" அவர்களைவிட அதிகமாகச் சிஸ்டர்தான் சிரித்தார். மறுநாளே ஒருத்தி குழந்தையின் சிரங்கைக் காட்ட வந்தாள்.

அவருக்குக் கிடைத்த வீடு கடலைப் பார்த்த முதல் வரிசையில் இருந்தது. கல் சுவர், ஓட்டுக் கூரை. வலைக்காரர் அந்தப்பன் சேட்டன் வாடகை எதுவும் கேட்காமல் கொடுத்திருந்தார். அவர் பிள்ளைகளோடு, கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்த மனைவி வீட்டுக்குப் போய்விட்டார். கடல் பக்கத்து ஜன்னலில் தினமும் விளக்கு எரிய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கடலுக்குப் போனவர்களுக்காக வைக்கும் விளக்கு என்று எண்ணிய சிஸ்டர், ஒரு மாலைகூட அதைத் தவறவிட்டதில்லை.

வெயில் காலம் முடியும்போது வீட்டின் முன்னால் மணல் இறங்க ஆரம்பித்தது. வந்தபோது அந்த வாசலில் ஒரே ஒரு படிதான் தெரிந்தது. ஒரு நாள் அதன் கீழே இன்னொன்று தெரிந்தது. பிறகு அதற்கும் கீழே ஒன்று. மலைநாட்டில் பிறந்த சிஸ்டருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "நம்ம வீடு வளருது பாரு" என்பார். மருந்துக்கு வரும் பெண்கள் படியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். எதுவும் சொல்லமாட்டார்கள். ஒரு நாள் அவர்களாகவே, வாசலில் தாங்கள் காத்திருக்கும் பெஞ்சைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் போட்டுக்கொண்டார்கள்.

காரணத்தைச் சொன்னது ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டு பிலோமினா சேச்சிதான். "அந்தப்பனுக்கு அந்த விளக்குதான் வேணும். பூட்டிக் கெடந்தா ஆளில்லாத வீடுன்னு சர்க்கார் ஆபீஸ்காரன் எழுதிட்டுப் போவான். அப்புறம் கடலு கொண்டுபோனா மாத்து எடம் கிடைக்காது. இந்த மழைக்கு அது நிக்காதுன்னு இங்கே எல்லாருக்கும் தெரியும்."

அதை அப்படியே சிஸ்டரிடம் சொன்னேன். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப்பன் சேட்டனிடம் போனார். வலை பின்னிக்கொண்டிருந்த அவர் எழுந்து நின்றார். எதையும் மறுக்கவில்லை.

"எனக்குப் பிள்ளைங்க இருக்கு. அந்த மண்ணை விட்டா வேற ஒண்ணும் இல்லே. சிஸ்டர் இறங்கிப் போனா நான் குத்தம் சொல்லமாட்டேன்."

ஆபீஸர் எப்போது வருவார் என்று சிஸ்டர் கேட்டார். மழைக்கு முன்னால் வர வேண்டும் என்றார் அவர். "அப்போ அவர் வாற வரைக்கும் இருக்கேன்னு சொல்லு" என்றார் சிஸ்டர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காத்து நின்றார். சொன்னேன்.

திரும்பி வரும் வழியில் அவராகவே பேசினார்: "தெரியாம இருந்தப்போ நான் விருந்தாளி. தெரிஞ்சப்புறமும் இருந்தாத்தான் இந்த ஊர்க்காரி."

மழை வந்தது. ஆபீஸர் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பாயிற்று. மருந்துப் பெட்டிகளைச் சேச்சியின் வீட்டுக்கு மாற்றினோம். அலை அடிக்கும்போது தட்டில் வைத்த டம்ளர் மெல்ல அதிர்ந்தது. அதைச் சிஸ்டரும் பார்த்தார், நானும் பார்த்தேன். நான் கடைசியாகப் போன நாளில் வீட்டின் அடியிலிருந்து ஒரு நண்டு நடந்து வெளியே வந்தது. குனிந்து பார்த்தேன். அஸ்திவாரக் கல்லுக்குக் கீழே மணல் இல்லை. என் கை நுழையும் அளவுக்கு வெறும் இருட்டு. சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கட்டிலை ரோட்டுப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போட்டார். மழை விடும்வரை நீ வராதே என்று என்னை பஸ் ஏற்றிவிட்டார். பஸ் நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். திறந்து கிடந்த பின்கதவு வழியாகத் தெரிந்தது: கடல் பக்கத்து ஜன்னலில் விளக்கு ஏற்றியாகிவிட்டது.

விழுந்தது ரோட்டுப் பக்கத்துச் சுவர்தான்.

அடக்கம் முடிந்த பிறகு ஆபீஸர் வந்தார். ஆள் இருந்த வீடு என்று எழுதிக்கொண்டு போனார். அந்தப்பன் சேட்டன் அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுக் கல்லறைப் பக்கம் போய் உட்கார்ந்ததாகச் சேச்சி சொன்னார். அந்தப்பன் சேட்டன்மேல் எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

சிஸ்டரின் பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. அவருக்காகப் பேசிப் பேசி என் குரல் எனக்கே பழகிப்போயிருக்கிறது. அவர் கொடுத்தது என்று என்னிடம் இருப்பது அது மட்டும்தான்.

மழை விட்டதும் நீங்கள் சிஸ்டர் கிளாராவை அனுப்பினீர்கள். அவருக்கும் உங்கள் தமிழ் மட்டும்தான் தெரியும். கோயில் முற்றத்தில் ஊர் கூடி நின்றது. அந்தப்பன் சேட்டனின் அண்ணன் முன்னால் வந்து, தன் வீடு காலியாக இருக்கிறது, சிஸ்டர் தாராளமாகத் தங்கலாம், வாடகை வேண்டாம் என்றார். அது இரண்டாம் வரிசை வீடு. அதற்கு முன்னால் இப்போது வேறு வீடு இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. சிஸ்டர் கிளாரா சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

அண்ணன் சொன்னதைத் தமிழில் சொன்னேன். அந்த வீடு ஏன் காலியாக இருக்கிறது என்பதையும், யாரும் கேட்காமலே, சொன்னேன். பிறகு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பி, அவரிடம் நான் சொன்னது என்ன என்று மலையாளத்தில் சொன்னேன்.