இடது கன்னம்

பெயிண்டரை அவர்கூட வேலை செய்தவர்கள் ‘தியானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாரத்தை விட்டு இறங்கிச் சுவரோரம் ஒதுங்கினார் என்றால் கால் மணி நேரத்துக்கு ஆள் அசைய மாட்டார். மற்றவன் போய், வந்து, டீயும் குடித்து முடித்திருப்பான். இவர் தலையைக் குனிந்து நின்றுகொண்டே இருப்பார். பெயர் வைத்தவன் விளையாட்டுக்குத்தான் வைத்தான். ஆனால் மனுஷனுக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும். சிரித்து மழுப்பிவிடுவார். வேறென்ன செய்வார்?

இருபத்தாறு வயதில் சாரத்திலிருந்து கால் வழுக்கி, கீழே இருந்த குறுக்குக் குழாயின் மேல் இரண்டு காலையும் அகட்டி விழுந்தார். எலும்பு தப்பித்தது. சிறுநீர் வருகிற பாதை நசுங்கி, ஆறின இடம் தழும்பாகிச் சுருங்கிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் கம்பி விட்டு அகலப்படுத்துவார்கள். பத்து நாள் ஒருமாதிரி போகும், அப்புறம் பழையபடி சொட்டும். ஆறு வருஷம் இப்படி ஓட்டியபிறகு, விதைப்பைத் தோலில் கொஞ்சம் எடுத்து உள்ளே வைத்துத் தைத்தார்கள். கைக்கு எட்டுகிற தோல் அதுதான். ஆனால் தோல் தன் குணத்தை விடுமா? உள்ளே போயும் முடி முளைத்தது. முடியைச் சுற்றிக் கல் கட்டியது. பெண்டாட்டியிடம் விழுந்ததைச் சொல்லாமல், கல் அடைப்பு என்று மட்டும் சொன்னார். பொய்யும் இல்லை பாருங்கள், அதுதான் அவர் சாமர்த்தியம்.

வீட்டில் குளியலறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிடுவார். சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதே. தண்ணீரை இப்படிக் கொட்டுகிறாரே என்று அவள் அடுப்படியிலிருந்து கத்துவாள். கத்தட்டும், இது தெரிவதற்கு அது தேவலை என்று இருந்துவிட்டார்.

இதற்கு நடுவே இன்னொரு திருட்டுத்தனமும் உண்டு. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தால் பெயிண்டில் கலக்கிற தின்னர் நாற்றம் நெஞ்சுக்குள் இறங்காது என்பது பெயிண்டர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை. எவன் கிளப்பிவிட்டானோ! அதை நம்பிப் புகையிலையைக் கிள்ளி இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளப் பழகினவர், முப்பது வருஷமாக விடவில்லை. அவர் மனைவியின் அப்பா வாய்ப்புற்றில் செத்தவர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சனியனைத் தொடக் கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து வீட்டுக்குக் கிளம்புமுன் வாயை நாலு தடவை கொப்பளித்து, சட்டையில் கொஞ்சம் தின்னரைத் தேய்த்துக்கொள்வார். தின்னர் வாடையில் புகையிலை வாடை அமுங்கிவிடும். அவளும் பாவம், பெயிண்டைத் திட்டிக்கொண்டே சட்டையைத் துவைப்பாள்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒருநாள் சுத்தமாக அடைத்துக்கொண்டது. அடிவயிற்றில் துளை போட்டு, குழாய் வைத்து, பையைத் தொங்கவிட்டு அனுப்பினார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது? அடுத்த வாரம் பெரிய டாக்டரம்மா, வீட்டம்மாவையும் உள்ளே வரச் சொல்லி எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். விழுந்தது, சுருங்கியது, முடி முளைத்தது எல்லாம். பெயிண்டர் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

டாக்டரம்மா நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். நூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஒட்டு வேலைக்கு டாக்டர்கள் அலையாத இடமில்லையாம். கைத்தோல், தொடைத்தோல், மூத்திரப்பையின் உள்சவ்வு என்று எதையெதையோ வைத்துப் பார்த்தார்களாம். கன்னத்தின் உள்சவ்வை யாரோ அப்போதே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அப்புறம் வெகுகாலம் அதை ஏறக்குறைய மறந்தே போனார்களாம். முடி முளைக்காது, ஈரத்திலேயே கிடந்து பழகினது, எடுத்த இடமும் சீக்கிரம் ஆறிவிடும். இத்தனை சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கேயே வந்து நின்றிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார்.

வலது கன்னம் நன்றாக இருந்தது. இடது கன்னத்தைக் கையுறை விரலால் தடவினவர், திரும்பத் தடவினார். வெளுத்து, சுண்ணாம்புச் சுவர் மாதிரி விறைத்திருந்தது.

“புகையிலை போடுவீங்களா?”

மனைவி அரை முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். “இல்ல டாக்டர். சூடா டீ குடிச்சு குடிச்சு அப்படி ஆயிடுச்சு.”

டாக்டரம்மா டார்ச்சை அணைத்துவிட்டு அவரையே பார்த்தார். அதற்குள் அவளே முந்திக்கொண்டாள். “இருபத்தேழு வருஷமா கூட இருக்கேன். இவரு அதெல்லாம் தொடவே மாட்டாரு. நீங்க தாராளமா நம்பலாம்.”

சுவராகிப்போன அந்த இடது கன்னத்தில் சவ்வை எடுக்க முடியாது, எடுத்தாலும் ஒட்டாது. அடைப்போ நீளம், ஒரு கன்னம் காணாது என்றார் டாக்டரம்மா. அப்புறம் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, டாக்டருக்கு முன்னால் வாயை ஆவென்று திறந்தாள்.

“என் கன்னத்துல எடுத்துக்கோங்க டாக்டர். நான் எதையும் போட்டுக் கெடுத்து வைக்கல. எவ்வளவு வேணுமோ எடுங்க.”

அடுத்தவர் சதை ஒட்டாதம்மா என்று டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டுச் சொன்னது பெயிண்டர் காதில் விழவேயில்லை. அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவருக்கு.

“புகையிலைதான் டாக்டர்,” என்றார். “கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: “எங்கப்பா வாயைத் தினம் நான்தான் கழுவி விட்டேன். உங்களுக்குத் தெரியும்தானே?” தெரியும்.

இடது கன்னத்தில் கிள்ளி எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லை என்று வந்தது, நல்லவேளை. புகையிலையை விட்டு மூன்று மாதம் கழித்து ஆபரேஷன் நடந்தது. வலது கன்னத்தில் ஒரு துண்டும், காணாததற்கு நாக்கின் அடியில் ஒரு துண்டும் எடுத்து ஒட்டினார்கள். நாக்கு வீங்கி ஒரு வாரம் பேச்சு வரவில்லை. அவள் பாலை ஆற்றி ஆற்றி வாயில் ஊற்றினாள். மன்னிப்புக் கேட்கக்கூட அவருக்கு வாய் இல்லை. வாய் வந்தபிறகும் கேட்கவில்லை, அதுதான் அவர்.

மூன்று வாரம் கழித்துக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நேராகக் குளியலறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். பழக்கதோஷம், கை தானாகப் போய்க் குழாயைத் திறந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. கத்தல் இல்லை.

“அந்தத் தண்ணிய மூடுங்க. அது எதுக்கு ஓடுதுன்னு எனக்கு இருபது வருஷமாத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கத்தான் திட்டிட்டு இருந்தேன்.”

குழாயை மூடினார். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு தடையில்லாமல், ஒரே தாரையாக, சளசளவென்று வந்தது. சத்தம் கதவைத் தாண்டித் தெளிவாகக் கேட்டிருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவதும் இங்கே கேட்டது. எல்லாம் முடிந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தவர், வெளியே போய் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், அப்படியே தலையைக் குனிந்து கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தார்.