மாமியும் முசுறு ராணியும்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு அந்த வீட்டில் போய் ஏறிக்கொள்வான். நானும் அப்படித்தான் ஆரையம்பதியில் ஏறினேன். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாமி பின்னறைக்குப் போனார். பேருக்குத்தான் போனார், அடுப்பும் சாவிக்கொத்தும் அவரிடமே இருந்தன.

நாலு வருடமாகப் பிள்ளை இல்லை. யாராவது அதைக் கேட்டால் நான் பகிடி விட்டுச் சிரிப்பாக்கிவிடுவேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ஒரு பின்னேரம், மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கட்டியிருந்த முசுறு எறும்புக் கூடுகளைக் காட்டி மனைவிக்கு வகுப்பெடுத்தேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு வீட்டிலும் வாய் நிற்பதில்லை.

"இவ்வளவு கூட்டுக்கும் ஒரே ராணி. வேலை செய்யிறதெல்லாம் பெண்தான். ஆனா ராணியின்ர வாசம் இருக்கும் வரைக்கும் அதுகள் பிள்ளை பெறாதுகள். ராணி அதட்டுறதுமில்ல, கடிக்கிறதுமில்ல. வாசம் மட்டும்தான்."

"வாசம் போனா?"

"ராணி செத்தா, இதுகள் முட்டை போடத் தொடங்கிரும். நம்மட வீட்டுலயும் ஒரு ராணி இருக்காவே."

மனைவி சிரிக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். கொடியடியில் ஈரச் சேலையோடு மாமி.

"அப்ப, நான் செத்தாத்தான் இஞ்ச தொட்டில் கட்டலாம் எண்டுறீங்க."

மறுநாள் காலை மாமி குருக்கள்மடத்திலிருந்த தன் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். மனைவி சமைத்தாள், சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வாய் திறந்தாள்: "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி நீங்களும் வராதீங்க." வீடு அவளுடையது, எனக்கு அந்த உடுப்புப் பை மட்டும்தான்.

போனேன். மாமி இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, பாடத்தை அரைவாசியில விட்டுட்டன். ராணி செத்த பிறகு அதுகள் போடுற முட்டையில ஆண் மட்டும்தான் வரும். வேலை செய்யப் பெண் இல்லாமக் கூடே அழிஞ்சிரும்."

நல்ல மன்னிப்பென்று நினைத்தேன்.

"எறும்புக் கதை கிடக்கட்டும் மருமகன்," என்றார், தலை நிமிராமல். "மகளைச் சோதிச்சு ஒரு குறையுமில்லை எண்ட டாக்குத்தர், உங்களுக்கும் சோதிக்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தாரே. போனீங்களா?"

துண்டு மூன்று மாதமாக என் பேர்சில் இருந்தது. மனைவி கேட்கும்போதெல்லாம் ஒரு பகிடி சொல்லித் தப்பியிருந்தேன். இந்த முறை பகிடி விடவில்லை.

"நாளைக்குப் போறன், மாமி."

மாமி கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்து வந்தார். இருவரும் பஸ் ஏறினோம். ஆரையம்பதியில் அவரோடு நானும் எழுந்தேன்.

"நீங்க இருங்க," என்றார். "ஆசுப்பத்திரியடியில இறங்குங்க."

இருந்தேன். பேர்சிலிருந்து துண்டை எடுத்தேன். மூன்று மாத மடிப்பைத் தொடையில் வைத்து நீவி விரித்தேன்.