இரண்டாவது வெட்டு

சிவ்ரத்தன் நல்ல மனுஷர்தான், கோபம் வராதவரைக்கும். வந்துவிட்டால் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை கரும்பு லாரி தாமதமாக வந்ததற்குத் தன் தொப்பியையே கத்தியால் இரண்டாகப் போட்டுவிட்டு, மூன்று நாள் வெறுந்தலையோடு வெயிலில் கரும்பு வெட்டினார். ஃபிஜித் தீவில் எங்கள் ராகிராகியில் இந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது.

அதே மனுஷர் ஒட்டுக் கட்ட உட்கார்ந்தால் பேச்சு மூச்சு இருக்காது. அவர் பயிர்செய்த நிலத்தில், மாட்டுத் தொட்டி ஓரமாக, யாரும் நடாமலே முளைத்த மாமரம் ஒன்று இருந்தது. ஊர் மாம்பழமெல்லாம் ஓய்ந்த பிறகுதான் அது பழுக்கும். நார் என்பதே இல்லை. தொட்டி மாம்பழம் என்று பேர். கொட்டை வாங்கிப் போய் நட்டவர்களுக்கெல்லாம் பல் கூசும் புளிப்புதான் காய்த்தது. "நல்ல கொட்டைய ஒளிச்சு வெச்சுக்கிட்டு எதையோ குடுத்துட்டான் பாவி" என்று அவரைத் திட்டினார்கள். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பதெல்லாம் மாங்கொட்டைக்குப் பொருந்தாது. அந்தப் பழம் வேண்டுமென்றால் ஒட்டுத்தான் கட்டவேண்டும்.

நிலம் அவருடையதல்ல, பக்கத்து வீட்டு அபெனிசாவின் குடும்பத்துடையது. முப்பது வருஷக் குத்தகை. இருவருக்கும் ஒரே வயது. மச்சான், மச்சான் என்றுதான் பேச்சு. ஒருவன் எருதை இன்னொருவன் கேட்காமலே அவிழ்த்துக்கொண்டு போவான். குத்தகை முடியும் வருஷம், எங்கள் பையன்களே இனி பயிர் செய்வார்கள் என்று அபெனிசா வீட்டார் சொல்லிவிட்டார்கள். சரி, கரும்பு வெட்டும்வரையாவது விடுவார்கள் என்று சிவ்ரத்தன் நம்பினார். ஆறு பால்பவுடர் டின்னில் வளர்த்த மாங்கன்றுகளைத் தொட்டி மரத்தில் பரண் கட்டி ஏற்றினார். கன்றின் தண்டையும் மரத்தின் கிளையையும் கொஞ்சம் சீவி, சீவின இடங்களைச் சேர்த்துவைத்து, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டினார். ஒட்டிப்பிடிக்க மூன்று மாதம் ஆகும். அதற்குமுன் தாய்மரத்திலிருந்து அறுத்தால் செத்துப்போகும். அறுக்காமல் விட்டாலும் டின் காயாமல் யாராவது தண்ணீர் ஊற்றவேண்டும்.

கட்டி ஆறு வாரம் ஆகியிருந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய் என்று காகிதம் வந்தது.

எங்கள் பக்கம் ஒருவர் நிலத்தை விட்டுப் போகிறபோது இடித்துக் கரைத்துக் குடிக்கிற நங்கோனா வேர் ஒரு கட்டு கொண்டுபோய் நிலத்துக்காரன் முன்னால் வைத்து, போய்வருகிறேன் என்று விடைகேட்பார்கள். சிவ்ரத்தன் வேரை எடுக்கவில்லை, கோடாலியை எடுத்தார். 'நான் தண்ணி ஊத்தின மரம். இவனுங்க வாயில ஒரு பழம் போகக்கூடாது.' ஓங்கி ஒரு வெட்டு. மரம் அதிர்ந்ததில் பரணில் ஆறு டின்னும் ஆடின. அட, என்ன காரியம் பண்ணினேன் என்று நிறுத்திவிட்டார். கோடாலியைச் சாமான் ஏற்றியிருந்த லாரியில் எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அபெனிசா வாசலில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்.

குடிபோன இடம் லவுத்தோகா நகரத்துக்கு வெளியே கால் ஏக்கர் மனை. நல்லவேளை, மழை குறைந்த பக்கம். தலைநகர் சுவாவுக்குப் போயிருந்தால் மாம்பூ மழையில் அழுகிவிடும். மண்ணெல்லாம் சரிதான், நடத்தான் ஒன்றும் இல்லை. ஆறு குழி வெட்டிவைத்துவிட்டு, ராகிராகியில் மழை உண்டா என்று தினமும் ரேடியோவில் காது வைத்தார். இல்லை. மூன்று வாரமாக ஒரு சொட்டு இல்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் சுகராஜி, அவர் மனைவி.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கிற மூஞ்சியத்தான். செத்திருந்தா அவுத்து எறிஞ்சுட்டு வாங்க. நாள் பூரா இந்தப் பெருமூச்ச என்னால கேக்க முடியல."

"மரத்த வெட்டப் பாத்தவன்டி நான். அவன் அந்த வெட்டப் பாத்திருப்பான்."

"பாத்திருந்தா ரெண்டு திட்டுவாரு. வாங்கிக்கங்க. நீங்க யாருக்குத்தான் குடுக்கல?"

சந்தையில் நங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். இறங்கி ரோட்டிலிருந்து பார்த்தபோதே மரம் தெரிந்தது. பரணைக் காணவில்லை. அந்த இடம் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி தொங்கியது. அடப்பாவிகளா, என் மரத்தைத் துணி உலர்த்தும் கொடியாக்கிவிட்டார்களே! நெஞ்சு பற்றிக்கொண்டு எரிய, வரப்பில் ஓடினார்.

கிட்டப் போனதும் கால் நின்றுவிட்டது. ஊர் ரக்பி அணியின் பனியன்கள். ஈரமாக நனைத்து, ஒவ்வொரு டின்னையும் சுற்றிக் கட்டியிருந்தது. பரண் அதற்குப் பின்னால் அப்படியே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. ஆறிலும் பச்சை இலை. ஒன்றில் செந்தளிர்கூட விட்டிருந்தது. கட்டைத் தொட்டுப் பார்த்தார். தண்டும் கிளையும் வீங்கிச் சேர்ந்திருந்தன. சிவ்ரத்தன் மரத்தடியிலேயே பொத்தென்று உட்கார்ந்து, குழந்தைபோல அழுதார்.

"இனிமே நீ ஊத்து மச்சான். என் முதுகு விட்டுப்போச்சு." வாளியோடு அபெனிசா நின்றார். "பசங்க பனியன் இல்லாம வெறும் உடம்போட பந்து வெளையாடுறாங்க. போன வாரம் தோத்துட்டாங்க. அதுவும் உன் கணக்குதான்."

சிவ்ரத்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கண் மரத்தின் அடிக்குப் போனது. வெட்டுப்பட்ட இடத்தில் சாணியும் களிமண்ணும் குழைத்து வழவழவென்று பூசியிருந்தது.

"மச்சான், அது வந்து..."

"தெரியும். அன்னைக்கு வாசல்ல நிக்கிறப்ப சத்தம் கேட்டுச்சு. ஒரு வெட்டு." அபெனிசா வாளியைக் கீழே வைத்தார். "போச்சுடா மரம்னு ரெண்டாவது வெட்டுக்குக் காத்துக்கிட்டு நின்னேன். வரவே இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்குத்தான் இந்தத் தண்ணி."

சிவ்ரத்தன் செய்தித்தாளைப் பிரித்து, வேர்க்கட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அபெனிசா வாங்கவில்லை. போகிறவனும் வேர் கொண்டுவருவான், வருகிறவனும் கொண்டுவருவான். வேர் ஒன்றுதான், சொல்லுகிற சொல்தான் வேறு.

"முதல்ல சொல்லு. அன்னைக்கு நீ பாக்கி வெச்சுட்டுப்போன வேரா இது? போறதுக்கா?"

சிவ்ரத்தன் பரணை நிமிர்ந்து பார்த்தார். இன்னும் ஒரு மாதம் மரத்தில் இருக்கவேண்டும். பாதி அறுக்க ஒருமுறை, முழுக்க அறுத்து இறக்க ஒருமுறை வரவேண்டும். காய்க்கிற காலத்தில் இந்தப் பழத்தோடு ருசி ஒப்பிட்டுப் பார்க்கவும் வரவேண்டும்.

"வர்றதுக்கு" என்றார்.

அபெனிசா வழக்கப்படி ஒருமுறை கைதட்டி வேரை வாங்கிக்கொண்டு, இடிக்கச் சொல்லி வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.