நாலு மணிப் பனி

ஜவ்வாது மலைச் சாலையின் வளைவு ஒன்றில் நாங்கள் கேமரா வைத்திருந்தோம். வீடியோவைப் பார்த்து மழையா, மூடுபனியா என்று அதுவே கண்டுபிடிக்கும். பனி என்றால் வளைவுக்கு முன்னாலுள்ள எச்சரிக்கை விளக்குப் பலகையை எரியவிடும். நல்ல வெயில் காலத்தில், பள்ளி நாட்களில், நாலு மணிக்கு மட்டும் அது பனி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கோளாறைப் பார்க்க நானே மலையேறினேன்.

கேமராவுக்கு நேர் கீழே ஒரு பெண் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கித் தூற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். புருவமெல்லாம் தூசி. கீழே விரித்திருந்த பழைய சேலையில் விழுந்த உமியை அள்ளி மறுபடியும் தூற்றினார். அதில் ஒரு மணி சாமைகூட இல்லை.

"வெறும் உமிய எதுக்குக்கா தூத்துறீங்க?"

"அறுப்பு அப்ப சாமை தூத்துறப்ப பாத்தேன் சார். தூசி பறந்தா அந்த போர்டு எரியுது. எரிஞ்சா வண்டிங்க மெதுவா வருது." பள்ளிக்கூடப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பசங்க ரோட்ட தாண்டுற நேரம்."

கடைசிப் பிள்ளையும் தாண்டியதும் சேலையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார். தாண்டிய பிள்ளைகளில் அவர் பிள்ளையும் உண்டா என்று நான் கேட்கவில்லை.

கோளாறு எதுவுமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யா என்று இன்னும் யோசிக்கிறேன். அந்தக் கேமராவைப் பழக்கியபோது மழையைக் காட்டினோம், பனியைக் காட்டினோம். பிள்ளைகளைக் காட்ட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.